நாலாம் வகுப்புப் பிள்ளைக்குக் காந்தம் எப்படி வேலை செய்கிறது என்று புரியவைப்பது எப்படி?

என் மகளும் இதைத்தான் கேட்டாள். "அப்பா, காந்தம் ஆணியை இழுக்குது, செம்புக் கம்பியை ஏன் இழுக்கல?" "இரும்புன்னா இழுக்கும்மா" என்று சொல்லிப் பார்த்தேன். அது பதிலே இல்லை என்று எனக்கே தெரிந்தது.

அப்புறம் அவள் பள்ளிக்கூடப் பிரேயரை வைத்துச் சொன்னேன். மணி அடிக்கும் முன் மைதானத்தில் ஒரு வகுப்பு மரத்தைப் பார்த்து நிற்கும், இன்னொன்று கேட்டைப் பார்த்து நிற்கும். இரும்புக்குள்ளும் அப்படித்தான். ஒவ்வோர் அணுவும் ஒரு குட்டிக் காந்தம். பக்கத்துப் பக்கத்து அணுக்கள் கூட்டமாக ஒரே திசை பார்க்கும். ஆனால் அடுத்த கூட்டம் வேறு திசை பார்க்கும். ஒன்றின் இழுப்பை இன்னொன்று சரிக்கட்டிவிடுவதால் சாதாரண ஆணி எதையும் இழுப்பதில்லை. காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் பிரேயர் மணி அடித்த மாதிரிதான்: பெரும்பாலான கூட்டங்கள் ஒரு பக்கம் திரும்ப, ஆணியே கொஞ்ச நேரம் காந்தமாகிவிடும், ஒட்டிக்கொள்ளும். நிக்கலும் கோபால்ட்டும் இதே ரகம். செம்பு, தங்கம், அலுமினியத்தில் இப்படிக் கூட்டம் சேர்ந்து திசை பார்க்கும் அணுக்கள் இல்லை.

சொல்வதோடு விடாதீர்கள், செய்து காட்டுங்கள். ஒரு தையல் ஊசியை எடுத்து, பழைய ஸ்பீக்கர் காந்தத்தின் ஒரே முகத்தால், காதிலிருந்து முனை வரை ஒரே திசையில் நாற்பது ஐம்பது தடவை தேயுங்கள். முன்னும் பின்னுமாகத் தேய்த்தால் திருப்பிய கூட்டம் மறுபடி கலைந்துவிடும். ஒவ்வொரு தடவையும் காந்தத்தைத் தூக்கி எடுத்துத் திரும்பக் காதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஊசியைச் சின்னத் தெர்மாகோல் துண்டில் படுக்கவைத்துத் தண்ணீரில் மிதக்கவிடுங்கள். எவர்சில்வர் தட்டு வேண்டாம், சில தட்டுகள் காந்தத்தில் ஒட்டும் ரகம். பிளாஸ்டிக் கிண்ணம் நல்லது. ஊசி மெல்லத் திரும்பி வடக்கு தெற்காக நிற்கும். பூமியே பெரிய காந்தம் என்று ஆங்கிலேய விஞ்ஞானி வில்லியம் கில்பர்ட் 1600-ல் எழுதினார். அதை என் மகள் சமையலறை மேடையிலேயே பார்த்தாள்.

அடுத்து ஊசியை நடுவில் உடைத்தோம். (துணியில் சுற்றிப் பெரியவர்கள்தான் உடைக்க வேண்டும், துண்டு தெறிக்கும்.) வடக்கு ஒரு துண்டுக்கும் தெற்கு ஒரு துண்டுக்கும் போய்விடும் என்று அவள் உறுதியாக நம்பினாள். இரண்டையும் தனித்தனியாக மிதக்கவிட்டால் இரண்டுமே வடக்கு தெற்காக நின்றன! "வரிசையைப் பாதியாப் பிரிச்சாலும் எல்லாரும் அதே பக்கம்தான பார்ப்பாங்க" என்று அவளே சொன்னாள். நான் விளக்க வேண்டியே இருக்கவில்லை.

ஒரு துண்டை இடுக்கியில் பிடித்து அடுப்பில் சிவக்கக் காட்டினேன். ஆறிய பிறகு அது குண்டூசியை இழுக்கவில்லை. சூட்டில் அணுக்கள் ஆடி வரிசை கலைந்துவிட்டது. இரும்புக்கு 770 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வரிசையே நிற்காது.

பொம்மைகளில் வரும் உருண்டைக் காந்தங்களை மட்டும் இதற்குத் தராதீர்கள். இரண்டை விழுங்கிவிட்டால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்து ஓட்டை போட்டுவிடும்.