புறநகரில் வீடு வாங்கியிருக்கிறேன். குடியிருப்போர் சங்கத்தில் சேர்வதால் உண்மையில் பயன் உண்டா?

சென்னைப் புறநகரில் தனி வீடு வாங்கியிருக்கிறீர்கள், அங்கே உள்ள சங்கம் மாதச் சந்தா கேட்கிறது, சேரலாமா வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சேருங்கள். ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்கு எங்கள் நகரின் கதையைச் சொல்ல வேண்டும்.

தாம்பரத்துக்கு மேற்கே, அடையாறு ஓடும் பக்கம் எங்கள் நகர். ஐந்து தெரு, நூற்றுச் சொச்சம் வீடு. நான் 2011-ல் குடிவந்தேன். என் வீடு முதல் தெருவில், மெயின் ரோட்டை ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து ஐந்தாம் தெருவுக்கு நடந்து போனால் இறக்கம் தெரியவே தெரியாது. சைக்கிளில் போனால்தான் தெரியும், மிதிக்காமலே கொண்டுபோய் விட்டுவிடும். எங்கள் சங்கத்தில் நடந்த நல்லது கெட்டது எல்லாமே அந்தச் சின்ன இறக்கத்தில் இருந்து வந்ததுதான்.

முதல் சில வருடங்கள் மற்ற சங்கங்களைப் போலத்தான் இருந்தோம். பொங்கலுக்குக் கோலப்போட்டி, ஆகஸ்ட் 15-க்குக் கொடி, மாதம் ஒரு கூட்டம். தெருவிளக்கு எரியவில்லை, குப்பை வண்டி வரவில்லை, நாய் துரத்துகிறது என்று பேசுவோம். எல்லாம் வேண்டிய பேச்சுதான். ஐந்தாம் தெருக்காரர்கள் மட்டும் ஒவ்வொரு ஐப்பசியிலும், “சார், எங்க பக்கம் தண்ணி நிக்குது” என்பார்கள். செயலாளர் மினிட்ஸ் நோட்டில் “மழைநீர் தேக்கம் குறித்து விவாதிக்கப்பட்டது” என்று எழுதுவார். பிற்பாடு அந்த நோட்டைப் புரட்டினேன். தொடர்ந்து மூன்று வருடம், எழுத்து மாறாமல் அதே வரி இருந்தது.

2015 நவம்பர் நடுவில் ஒருமுறை வெள்ளம் வந்து வடிந்தது. டிசம்பர் 1 அன்று மறுபடி பிடித்தது. மறுநாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 சென்டிமீட்டர். அன்று இரவு என் வீட்டு வாசற்படியில் தண்ணீர் இரண்டு படி ஏறி நின்றுவிட்டது. கரண்ட் இல்லை, போனில் டவர் இல்லை. நம் தெருவில் இவ்வளவுதான் என்றால் பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டு படுத்துத் தூங்கிவிட்டேன்.

ஐந்தாம் தெருவில் அதே நேரம் நெஞ்சளவு தண்ணீர். அங்கே ஒரு அக்கா, படுத்த படுக்கையாக இருந்த மாமியாரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, புடவையால் இடுப்போடு சேர்த்துக் கட்டி, பள்ளிக்கூடம் போகும் மகனோடு சேர்ந்து மொட்டைமாடிக்குத் தூக்கியிருக்கிறார். விடியும்வரை மூவரும் தண்ணீர்த் தொட்டி நிழலில் ஒரு தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் படகு வந்தபோதுதான் எனக்கு விஷயமே தெரியும். என் வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் நடந்தால் ஐந்து நிமிடம். அந்த வீட்டில் நடக்கமுடியாத ஒருவர் இருக்கிறார் என்பதே முதல் தெருவில் ஒருத்தருக்கும் தெரியாது.

சேறு வழித்த பிறகு நடந்த முதல் கூட்டத்தில், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எழுந்தார். வழக்கமாகப் பேசவே மாட்டார். “யார் வீட்ல யார் இருக்காங்கன்னு தெரியாம நாம என்ன சங்கம் நடத்துறோம்?” என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை 200 பக்க நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு அவரும் நானும் ஐந்தாம் தெருக் கடைசி வீட்டில் இருந்து ஆரம்பித்தோம். வீட்டில் எத்தனை பேர், வயதானவர் உண்டா, மாடிக்கு ஏற முடியுமா, தினமும் எடுக்கும் மருந்து, இன்சுலினை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டியவர், கைக்குழந்தை, வண்டி, வெளியூர்ச் சொந்தக்காரர் நம்பர். நான்கு ஞாயிறு ஆனது. அந்த நோட்டு இன்றும் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. வருடா வருடம் புரட்டாசியில் திருத்துகிறோம்.

நோட்டு எழுதும்போதுதான் இன்னொன்றும் புரிந்தது. எங்கள் சங்கத்தின் பெயர் அப்போது “வீட்டு உரிமையாளர்கள் சங்கம்”. வாடகைக்கு இருப்பவர்களுக்கு அதில் இடமில்லை. ஆனால் தாழ்வான தெருக்களில் கீழ்த்தளத்தில் இருப்பவர்களில் பாதிக்குமேல் வாடகைக்காரர்கள். உரிமையாளர் மாடியில் இருப்பார், இல்லையென்றால் வேறு ஊரில் இருப்பார். தண்ணீர் முதலில் யார் கட்டிலைத் தொடுமோ அவருக்குக் கூட்டத்தில் நாற்காலி இல்லை. இதை மாற்ற இரண்டு வருடம் சண்டை போட்டோம். “இன்னிக்கு இருப்பாங்க, நாளைக்குக் காலி பண்ணிடுவாங்க” என்று சொன்னவர்கள் உண்டு. கடைசியில் துணைவிதியைத் திருத்தி, குடியிருப்போர் நலச்சங்கம் என்று பெயரையும் மாற்றினோம். நீங்கள் சேரப்போகும் சங்கத்தில் வாடகைக்காரர்களுக்கு இடம் உண்டா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் உள்ளே போய் அதை மாற்றப் பேசுங்கள்.

அப்புறம் செய்தி. வாட்ஸப் குழு இல்லாத நகர் இப்போது எங்கே இருக்கிறது? மழை பிடித்தால் “ஏரி உடைஞ்சிடுச்சு”, “செம்பரம்பாக்கத்தைத் திறந்துட்டாங்க, எல்லாரும் கிளம்புங்க” என்று ஆளாளுக்கு வரும் ஃபார்வர்டைப் போட்டுவிடுவார்கள். செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் அடையாற்றில் சேரும் இடம் திருநீர்மலைப் பக்கம். ஆறு ஓடிவரும் வழியில் நாங்கள் அதற்கு முன்னாலேயே இருக்கிறோம், அந்தத் தண்ணீர் எங்கள் பக்கம் வராது. எங்கள் தெருவுக்கு வரும் தண்ணீர் ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம், சோமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிவதால் வருவது. நாங்கள் கண்வைக்க வேண்டியது அந்த ஏரிகளை. இதை விளக்கவே இரண்டு கூட்டம் ஆனது. அதன்பின் ஒரு விதி வைத்தோம்: மழைக்காலத்தில் குழுவில் போடும் எந்தச் செய்தியிலும் யார் பார்த்தது, எங்கே பார்த்தது, எத்தனை மணிக்குப் பார்த்தது என்று இருக்க வேண்டும். இல்லாததை அட்மின் நீக்கிவிடுவார். முதல் வருடம் கோபித்துக்கொண்டு வெளியேறியவர்கள்கூடத் திரும்பி வந்துவிட்டார்கள்.

ரயில்வே சார் இன்னொரு வேலையும் செய்தார். ஐந்தாம் தெரு முனை மின்கம்பத்தில் பெயின்ட்டால் மூன்று கோடு போட்டார். கணுக்கால், முழங்கால், இடுப்பு. மழை வலுத்தால் எதிர்வீட்டுப் பையன் மணிக்கொருமுறை டார்ச் அடித்து அந்தக் கம்பத்தைப் படம் எடுத்துப் போடுவான். கணுக்கால் கோட்டைத் தொட்டால் வண்டிகளை மேட்டுக்கு எடுக்க வேண்டும், ஃபிரிட்ஜைச் செங்கல் அடுக்கி ஏற்ற வேண்டும். முழங்கால் வருவதற்குள் வயதானவர்களும் குழந்தைகளும் முதல் தெரு வீடுகளுக்கு வந்துவிட வேண்டும். யார் எந்த வீட்டுக்கு என்று நோட்டில் இருக்கிறது.

இடையில் சாலைப் பிரச்சினை. தெருவுக்குப் புதுச் சாலை என்றால் எல்லோருக்கும் சந்தோஷம்தான். பழைய சாலை மேலேயே புதுச் சாலையைப் போட்டுக்கொண்டே போனால் வீடு கீழே போய்விடும் என்பது இரண்டு முறை போட்ட பிறகுதான் உறைக்கும். 2021 மே மாதம் தமிழக அரசின் தலைமைச் செயலாளர், பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே உயரத்துக்குத்தான் சாலை போட வேண்டும் என்று அதிகாரிகளுக்கு எழுதினார். அடுத்த வருடம் எங்கள் தெருவுக்கு ஜல்லி வந்து இறங்கியபோது, அந்தச் செய்தியைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு பத்துப் பதினைந்து பேர் காலை ஆறு மணிக்கே போய் நின்றோம். ஒப்பந்தக்காரர் முதலில் கேட்கவில்லை. தனி ஆளாகப் போயிருந்தால் கேட்டிருக்கவே மாட்டார். மூன்றாம் நாள் சுரண்டும் இயந்திரம் வந்தது.

ஆனால் அன்று மாலை ரயில்வே சார் என் வீட்டு வாசலில் நின்று, “உங்க வாசல் சாய்தளத்தை வெச்சுக்கிட்டு நாம எப்படித் தம்பி கால்வாய் தூர்வாரச் சொல்லி மனு குடுக்கிறது?” என்று கேட்டார். கார் ஏறுவதற்காக நான் போட்ட சாய்தளம் அது. மழைநீர்க் கால்வாய்க்கு மேல் இரண்டரை அடி நீண்டிருந்தது. தண்ணீர் போக அடியில் நாலு அங்குலக் குழாய் ஒன்று விட்டிருந்தேன். ஒரு தேங்காய் மட்டை வந்தால் அடைத்துவிடும். அதற்குப் பின்னால் தேங்கும் தண்ணீர் எல்லாம் சாலைக்கு ஏறி, இறக்கத்தில் ஓடி, ஐந்தாம் தெரு அக்கா வீட்டுக்குத்தான் போயிருக்கும். அந்த வாரமே கொத்தனாரைக் கூப்பிட்டு உடைத்தேன். உள்ளே எட்டு அங்குலத்துக்குக் கருப்புச் சேறு, பால் கவர், ஒரு குழந்தைச் செருப்பு. இப்போது அந்த இடத்தில் தூக்கி எடுக்கக்கூடிய இரும்புச் சட்டம் போட்டிருக்கிறேன். அடுத்த இரண்டு மாதத்தில் முதல் தெருவில் பாதிப்பேர் உடைத்துவிட்டார்கள். மீதிப்பேர் இன்னும் உடைக்கவில்லை. அந்தப் பேச்சு இன்றும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

2023 டிசம்பர் 3 இரவு மிக்ஜாம் புயல் மழை. விடியற்காலை இரண்டரை மணிக்குக் கம்பத்தின் படத்தில் கணுக்கால் கோடு முழுகியிருந்தது. மூன்றரைக்குள் அந்தத் தெருவில் இருந்து பதினோரு பெரியவர்களும் ஆறு குழந்தைகளும் மேலே வந்துவிட்டார்கள். அந்த அக்காவும் வந்தார், அவர் மாமியார் அதற்குள் காலமாகிவிட்டார். எங்கள் வீட்டு ஹாலில் ஏழு பேர். காலையில் அரிசி உப்புமா கிண்டினோம், கேஸ் மட்டும்தான் இருந்தது. கரண்ட் வர நான்காவது நாள் ஆனது. கீழ்த் தெருக்களில் இந்த முறையும் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது, மெத்தையும் பீரோவும் போயின. சங்கம் வெள்ளத்தை நிறுத்திவிடும் என்று நான் சொல்லவில்லை, அதற்கு ஆற்றையும் ஏரிகளையும் கால்வாய்களையும் அரசு சரிசெய்ய வேண்டும். ஆனால் மொட்டைமாடியில் அந்த முறை யாரும் மாட்டிக்கொள்ளவில்லை.

மற்ற விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேமரா வாங்குவதா வேண்டாமா என்று எங்கள் சங்கம் மூன்று கூட்டத்தைச் செலவழித்தது. அவ்வளவு நேரம் அதற்குத் தேவையில்லை என்பது என் கருத்து. தெருநாய்க்கு கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுவதுதான் விதி. வேறு பகுதியில் கொண்டுபோய் விடச் சொல்லிச் சண்டை போடுவதைவிட, எத்தனை நாய்க்குக் கருத்தடை ஆகவில்லை என்று எண்ணிக் கொடுங்கள், வேலை நடக்கும். 2019 கோடையில் போர்க் குழாயில் காற்றுதான் வந்தது. அப்போதுதான் 2003-லேயே கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்த் தொட்டி எத்தனை வீட்டில் மண்மூடிக் கிடக்கிறது என்று வீடுவீடாகத் திறந்து பார்த்தோம். இரவில் கழிவுநீர் லாரி வந்து கால்வாயில் திறந்துவிடுவதைப் பார்த்தால் வண்டி எண்ணோடு படம் எடுத்துப் புகார் கொடுங்கள், வாக்குவாதத்துக்குப் போகவேண்டாம்.

பூங்கா இடத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பொது இடமாக ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். வரைபடத்தில் பச்சை நிறத்தில் காட்டி, பத்திரம் எழுதாமலே விட்டுவிடுவதும் உண்டு. பின்னால் அந்த இடத்தில் ஒருநாள் வேலி முளைக்கும். பதிவுத்துறை இணையதளத்தில் அந்தச் சர்வே எண்ணுக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தால் பத்திரம் பதிவானதா என்று தெரிந்துவிடும். உங்கள் நகருக்கு யாராவது பார்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

உங்கள் பகுதி ஊராட்சி என்றால் கிராம சபை வருடத்தில் ஆறு நாள் கூடும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மாநகராட்சி, நகராட்சி என்றால் 2022-ல் இருந்து கிராம சபை போலவே பகுதி சபை இருக்கிறது. அங்கே வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். தீர்மானத்தில் ஏற்றச் சொல்லி, நகல் கேட்டு வாங்குங்கள். சங்கம் பதிவு செய்யப்பட்டதா என்றும் பாருங்கள். 1975-ம் வருடச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் இருந்தால் பதிவு செய்துகொள்ளலாம். வருடாவருடம் கணக்கு காட்டாத சங்கத்தில் சந்தா கட்டிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள், கணக்கைக் கேளுங்கள்.

குடிபோனதும் வரும் முதல் பெரிய மழையில் குடை பிடித்துக்கொண்டு வெளியே வாருங்கள். உங்கள் வாசலில் ஓடும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கடைசியில் யார் வீட்டு முன்னால் போய் நிற்கிறது என்று அதன் பின்னாலேயே நடந்து பாருங்கள். அந்த வீட்டுக் கதவைத் தட்டி, உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். சங்கத்தில் அப்படி ஒரு நோட்டு இல்லையென்றால், நீங்களே ஒன்று வாங்கி அந்த வீட்டில் இருந்து எழுத ஆரம்பியுங்கள்.