கசினோக்காரன் எதுக்குங்க ஏமாத்தணும்?

வாசகர் கடிதம்:

அண்ணா வணக்கம். நான் கொழிஞ்சாம்பாறை பக்கம், பேரு போட வேண்டாம். தீவாளி லீவுக்கு பங்காளிக நாலு பேரு சிங்கப்பூர் டூர் போறோம், அதுல ஒருத்தன் கசினோ போயே ஆகணும்னு நிக்கறான். ரவுலட் சக்கரத்துக்கு அடில காந்தம் வெச்சிருப்பான், சீட்டு கலைக்கற மெஷின்லயே செட்டிங் இருக்கும்னு இன்னொருத்தன் சொல்றான். வெளிநாட்டு கசினோவ நம்பி ஆடலாமுங்களா? அப்புறம் என் மச்சினன் போன்லயே ஏதோ வெளிநாட்டு லைவ் கசினோ ஆடறான், லைசென்ஸ் இருக்குங்கறான், எம்பதாயிரம் ஜெயிச்சு வெச்சிருக்கேன்னு ஸ்கிரீன காட்டறான். அதயும் சொல்லுங்கண்ணா.

பதில்:

தம்பி, சிங்கப்பூர்ல இருக்கறது ரெண்டே கசினோதான், மெரினா பே சாண்ட்ஸ் ஒண்ணு, செந்தோசா தீவுல ரிசார்ட்ஸ் வேர்ல்ட் ஒண்ணு, ரெண்டும் 2010ல தொறந்தது. அங்க சக்கரத்துல கை வெச்சு மாட்டுனா லைசென்சே போயிரும், அந்த லைசென்ஸ்தான் அவனுக்கு பொன்முட்டை போடற வாத்து, அத எவன் அறுப்பான். அதவிட முக்கியம், அவனுக்கு காந்தம் தேவையே இல்லீங்க. ரவுலட்னா நம்பர் போட்ட சக்கரத்துல ஒரு குண்ட உருட்டி விடுவான், எந்த நம்பர்ல நிக்குதோ அதுல காசு வெச்சவனுக்கு ஜெயம். ஒண்ணுல இருந்து 36 வரைக்கும் நம்பரு, கூட ஒரு பூஜ்யம், ஆக 37 கட்டம். ஒவ்வொரு கட்டத்துலயும் பத்து டாலர் வெச்சீங்கன்னா மொத்தம் 370, குண்டு எங்கயோ ஒண்ணுல விழுந்தே தீரும், ஒண்ணுக்கு 35ங்கற கணக்குல 350ம் நீங்க வெச்ச பத்தும் சேர்த்து கைக்கு வர்றது 360. மிச்சம் பத்து டாலர் அவனுக்கு, நூத்துக்கு 2.7. அமெரிக்காவுல ரெண்டு பூஜ்யம் வெச்ச சக்கரம், 5.26 ஆயிரும். லாஸ் வேகஸ்ல சில எடத்துல பூஜ்யம் மாதிரியே மூணாவதா ஒரு கட்டமும் சேர்த்துட்டான், 7.69. எதையும் மறைக்கல பாருங்க, சக்கரத்துலயே கண்ணுக்கு முன்னாடி இருக்குது, அதுலயும் ஆளுக போய் உக்கார்றாங்க.

திருட்டு நடக்கவே நடக்காதான்னா நடந்திருக்கு. அமெரிக்காவுல நெவாடா மாகாணத்துல, காசு போட்டு ஆடற ஸ்லாட் மெஷின செக் பண்ற அரசாங்க ஆபீஸ்லயே வேலை பாத்த ரான் ஹாரிஸ்ங்கறவன், செக் பண்றேன்னு மெஷின்ல தன்னோட புரோகிராம ஏத்தி வெச்சான், 1995ல மாட்டுனான். ஆனா அவன் அடிச்சது கசினோ காச, ஆட வந்தவங்க காச இல்ல.

எனக்கு இதுல ரொம்ப சுவாரசியமானது பில் ஐவி கேசுதான். பெரிய சீட்டாட்டக்காரரு, 2012ல லண்டன் கிராக்ஃபோர்ட்ஸ் கசினோவுல பக்காராங்கற சீட்டாட்டம் மாதிரி ஒரு ஆட்டத்துல 77 லட்சம் பவுண்டு ஜெயிச்சாரு. சீட்டுக்குப் பின்னாடி இருக்கற டிசைன் ஒரு ஓரத்துக்கும் இன்னொரு ஓரத்துக்கும் மயிரிழை வித்தியாசம், அத வெச்சு எது பெரிய நம்பர்னு கண்டுபிடிச்சிருக்காரு. கூட வந்த பொண்ணு, ராசிக்குன்னு சொல்லி சீட்டு போடற டீலர் கையாலயே சில சீட்ட திருப்பி வெக்க சொல்லிருக்கு, டீலரும் திருப்பிருக்காரு. ஐவி போட்ட பணத்த மட்டும் திருப்பிக் குடுத்துட்டு ஜெயிச்சத தர முடியாதுன்னுட்டான் கசினோக்காரன். கேசு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி 2017ல ஐவி பண்ணது மோசடிதான்னு தீர்ப்பு. தீர்ப்பு சரியா தப்பான்னு வக்கீலுக பேசட்டும், நான் பாக்கறது என்னன்னா நீங்க தோத்துட்டே இருந்தா உங்க ஆட்டத்த யாரும் ஆராய மாட்டாங்க, ஜெயிக்க ஆரம்பிச்சாத்தான் கேமரா எல்லாம் உங்க பக்கம் திரும்பும்.

இன்னொண்ணு. சிங்கப்பூர் குடிமகன் அந்த கசினோ உள்ள காலு வெக்கணும்னா ஒரு நாளைக்கு 150 டாலர் கட்டணும், மொதல்ல 100 இருந்துது, 2019ல ஏத்துனாங்க. நமக்கு பாஸ்போர்ட் காட்டுனா ஃப்ரீ. சொந்த சனத்த வாசல்லயே தடுக்கற கவர்மெண்ட்டு நம்மள வாங்க வாங்கங்குது, யோசிச்சுக்கங்க. (கொழும்பு பேக்கேஜுன்னு எவனாச்சும் இழுத்தான்னா, அங்க சூதாட்டத்துக்குன்னு தனி ஆணையம் வெக்கவே 2025லதான் சட்டம் போட்டாங்க.)

நேர்மையா நடக்கறதும் நமக்கு லாபமா இருக்கறதும் வேற வேறன்னு கேரளா பார்டர்ல வாளையார் பக்கத்துல இருக்கறவங்களுக்கு நான் சொல்லணுமா? கேரளா லாட்டரி 1967ல இருந்து கவர்மெண்ட்டே நடத்துது, குலுக்கறத யாரும் குறை சொல்ல முடியாது, 2023 ஓணம் பம்பர் 25 கோடி வாளையார்ல வித்த டிக்கெட்டுக்கு விழுந்து தமிழ்நாட்டு ஆளுக நாலு பேரு வாங்கிட்டுப் போனாங்க. அதுக்கப்புறம் கோயமுத்தூர் பஸ்ஸுல இருந்து எறங்கி டிக்கெட் வாங்கிட்டு அடுத்த பஸ்ஸுல திரும்பிப் போற கூட்டத்த பாத்திருப்பீங்க. நாலு பேருக்கு விழுந்தது எல்லாருக்கும் தெரியும், மத்தவங்க கட்டுன அஞ்சூறு ரூவா எங்க போச்சுன்னு பேப்பர்ல வராது.

நீங்க நாலு பேரும் போறதா இருந்தா போங்க, ஏர்கண்டிசன் நல்லா இருக்கும். ஆளுக்கு இவ்ளோதான்னு ரொக்கமா எடுத்துட்டு, கார்ட ஓட்டல்லயே வெச்சுட்டுப் போங்க.

மச்சினன் விசயம்தான் எனக்கு பயமா இருக்குது. ஆன்லைன்ல பணம் வெச்சு ஆடறதுக்கு 2025 ஆகஸ்ட்ல பார்லிமெண்ட்டே தடை போட்டாச்சு. அவரு சொல்ற லைசென்ஸ் அனேகமா குராசாவா இருக்கும், கரீபியன் கடல்ல ஒரு சின்ன தீவு, ரொம்ப வருசமா அங்க நாலு கம்பெனி கையில மெயின் லைசென்ஸ வெச்சுகிட்டு நூத்துக்கணக்கான சைட்டுக்கு உள்வாடகைக்கு விட்ட மாதிரி குடுத்துச்சு. பணம் நின்னு போச்சுன்னா நீங்க யாருகிட்ட போயி கேப்பீங்க, பாலக்காட்டு ஸ்டேசன்லயா? லைவ்ல ஒரு பொண்ணு சீட்டு போடறது நிசமா ரெக்கார்டிங்கான்னு கூட நமக்குத் தெரியாது. அந்த எம்பதாயிரத்த இன்னிக்கே பேங்குக்கு எடுக்க சொல்லுங்க. டாக்ஸ் கட்டு, ஃபீஸ் கட்டு, அப்பத்தான் ரிலீஸ் ஆகும்னு பதில் வந்துச்சுன்னா ஒரு பைசா கூட கட்ட விடாதீங்க, மறுக்கா மறுக்கா கேப்பான், நேரா சைபர் மோசடி புகார் நம்பரு 1930க்கு போன் போட்டு புகார் குடுங்க.