முதலில் முட்டை, பிறகுதான் இட்லி

எடை குறைய இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் ஸ்லீவ் அறுவை சிகிச்சை முடிந்து நாலு மாதம். 19 கிலோ குறைந்துவிட்டது. ஆனால் தலை வாரினால் கொத்துக் கொத்தாக முடி வருகிறது, மாடி ஏறினால் களைப்பு. காலையில் இரண்டு இட்லி, மதியம் அரைக் கப் தயிர் சாதம், இரவு ஒரு தோசை. கறி, மீன் சாப்பிடுவதில்லை, முட்டை உண்டு. – வாசகி, திருச்சி

உங்கள் சாப்பாட்டைக் கூட்டிப் பாருங்கள். இட்லிக்கு 2 கிராம் வீதம் 4, தயிர் சாதத்தில் 4, தோசையில் 3. பால், காபியைச் சேர்த்தாலும் நாளுக்கு 20 கிராம் புரதம் தேறாது. உங்களுக்குத் தேவை குறைந்தது 60. இரைப்பையில் முக்கால் பங்கை எடுத்தாயிற்று. மிச்சமுள்ள இடத்தை மாவுப்பண்டம் அடைத்துக்கொண்டால் புரதத்துக்கு இடமே இல்லை.

அதனால் தட்டில் எதை முதலில் எடுக்கிறோம் என்பதுதான் முக்கியம். காலையில் இரண்டு வேகவைத்த முட்டை (12 கிராம்). பிறகும் இடமிருந்தால் அரை இட்லி. 11 மணிக்கு 200 மி.லி. பாலில் ஒரு ஸ்கூப் சர்க்கரை சேர்க்காத வே புரோட்டீன் என்ற பால் புரதப் பொடி (சுமார் 26). மதியம் 50 கிராம் பன்னீர் (9), மாலையில் நன்றாகக் குழைய வேகவைத்த சுண்டல் அரைக் கப் (7), இரவு கெட்டிப் பருப்பும் தயிரும் அரை அரைக் கப் (9). 60-ஐத் தாண்டிவிடும்.

எடை வேகமாக இறங்கும்போது மூன்றாம் மாதம் வாக்கில் முடி உதிர்வது சகஜம்தான், சத்து சரியானால் திரும்ப வளரும். வெறும் பயோட்டின் மாத்திரையை நம்பி மாதங்களை வீணாக்காதீர்கள். களைப்பும் இருப்பதால் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பு), பி12, வைட்டமின் டி நான்கையும் இப்போதே பாருங்கள். இரும்பு மாத்திரையையும் கால்சியத்தையும் சேர்த்து விழுங்கினால் இரும்பு உடம்பில் சேர்வதைக் கால்சியம் தடுக்கும். இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரை போட்ட கையோடு காபி கூடாது. வெட்டி எடுத்த பகுதியில்தான் பி12-ஐ உடல் உறிஞ்ச உதவும் சுரப்பு பெரும்பாலும் ஊறியது. எடை குறைந்துவிட்டது என்று சத்து மாத்திரைகளை நிறுத்திவிட வேண்டாம், அவை ஆயுளுக்கும்.

எடை குறைய இரைப்பையில் பைபாஸ் செய்து ஏழு மாதம். கல்யாணப் பந்தியில் ஒரு டம்ளர் பாயசம் குடித்தேன். கால் மணி நேரத்தில் வியர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடத்து, வயிற்றைப் பிசைந்தது. மாரடைப்போ என்று பயந்துவிட்டோம். – வாசகர், மதுரை

நீங்கள் சொல்வது ‘டம்ப்பிங்’ போலத் தெரிகிறது. பைபாஸுக்குப் பிறகு, சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விடும் வால்வு வழியில் இல்லை. சர்க்கரைக் கரைசல் நேரே சிறுகுடலில் இறங்கி உடம்பிலிருந்து நீரை இழுக்கிறது, அதனால்தான் படபடப்பு. அந்த நேரத்தில் அரை மணி படுத்திருந்தால் தணியும். ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து நடுக்கமும் தலைசுற்றலும் வந்தால் அது வேறு: இன்சுலின் அதிகம் சுரந்து சர்க்கரை இறங்குகிறது. குளுக்கோமீட்டரில் பார்த்துக் குறித்துவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள், சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பவர் கட்டாயம். பாயசம், பழச்சாறு, குளிர்பானம் மூன்றையும் விடுங்கள். தண்ணீரைச் சாப்பாட்டோடு சேர்க்காமல் அரை மணி கழித்துக் குடியுங்கள். ஆனால் நெஞ்சுவலி கை, தாடைக்குப் பரவினாலோ மூச்சு முட்டினாலோ டம்ப்பிங் என்று நினைத்து வீட்டில் இருக்கக் கூடாது.

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு சப்பாத்தி நெஞ்சில் அடைத்து, நுரையாக வாந்தி வருகிறது. – வாசகி, சேலம்

காய்ந்த சப்பாத்தியும் உருண்டையாகும் சாதமும் வழியில் நிற்கும். டீஸ்பூனால் எடுத்து, வாய்க்கு 20 தடவையாவது மென்று, ஒரு வேளைக்கு 20 நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். அடைத்ததைத் தண்ணீர் விட்டுத் தள்ளப் பார்க்காதீர்கள். எழுந்து மெல்ல நடங்கள்.

தண்ணீர்கூட நிற்காமல் வாந்தி தொடர்ந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாட்கணக்கில் வாந்தி எடுத்தால் உடம்பில் வைட்டமின் பி1 தீர்ந்துபோகும். பார்வை இரட்டையாகத் தெரிவதும் நடை தள்ளாடுவதும் அதன் அடையாளம். மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். பைபாஸோ ஸ்லீவோ ஆனதை உள்ளே நுழைந்ததுமே சொல்லுங்கள். குளுக்கோஸ் டிரிப் ஏற்றுவதற்கு முன் பி1 ஊசி போட வேண்டுமா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.