கால்நடை டாக்டர் பதில்கள்: பாயின் விரல் பொய் சொல்லாது

கேள்வி: அப்பா காலத்தில் எங்கள் கொறங்காட்டில் (வேலி போட்ட மேய்ச்சல் நிலம்) மேய்ந்த மேச்சேரி இனச் செம்மறி ஆட்டுக் கறிக்கு ஊரே காத்திருக்கும். நான் கொட்டகையில் கட்டி, மக்காச்சோள மாவு போட்டு வளர்க்கிறேன். எடை நன்றாக ஏறுகிறது. ஆனால் கறிக்கடை பாய், “கொழுப்பு வழவழன்னு இருக்கு, இறுகவே மாட்டேங்குது” என்று விலையைக் குறைக்கிறார். சாக்குச் சொல்கிறாரா? (காங்கேயம் வாசகர்)

பேரமும் கொஞ்சம் இருக்கும். ஆனால் பாயின் விரல் பொய் சொல்லவில்லை.

ஆடு தின்பதை முதலில் தின்பவை அதன் பெருவயிற்றில், அதாவது வயிற்றின் முதல் அறையில், இருக்கும் நுண்ணுயிர்கள். கொழுக்கட்டைப் புல் போனால் அவை அசிட்டிக் அமிலத்தை அதிகம் தரும். மாவு போனால் புரோப்பியானிக் அமிலம் கூடும். அது கெட்டதல்ல. ஈரல் அதைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்ளும், எடையும் ஏறும். ஈரல் தாங்கும் அளவுக்கு மேல் போனால்தான் வம்பு. மிச்சம் கொழுப்புக்குள் நுழைந்து, நேராக இருக்க வேண்டிய கொழுப்பு அமிலங்களில் கிளை விட வைக்கிறது. நேரான விறகாக அடுக்கினால் கட்டு இறுகும், நடுவில் நாலு கவட்டைக் கொம்பைச் செருகினால் இறுகுமா? உங்கள் ஆட்டுக் கொழுப்பும் அப்படித்தான். கிடா வாடை என்கிறோமே, அதற்குக் காரணமும் இதே குடும்பத்தைச் சேர்ந்த கிளைவிட்ட சிறு அமிலங்கள்தான்.

ஸ்காட்லாந்தில், அபர்டீன் ஊரில் உள்ள ரோவெட் ஆராய்ச்சி நிலையத்தில் இதே தலைவலி வந்தது. பார்லி தின்று வளர்ந்த செம்மறிக் குட்டிகளின் கொழுப்பு இளகிப் போனது. 1974இல் ஆர்ஸ்கோவ் என்பவரும் கூட்டாளிகளும் ஒரு வேலை செய்தார்கள். அரைத்து வில்லையாக்கிய தானியத்துக்குப் பதிலாக முழுத் தானியத்தையே போட்டுப் பார்த்தார்கள். ஆடு அதை மென்று, அசை போட்டு, எச்சிலோடு விழுங்கியது. பெருவயிற்றில் புளிப்பு குறைந்தது, கொழுப்பும் இறுகியது. அரவை மில்லுக்குக் கொடுக்கும் கூலியும் மிச்சம்!

ஆகவே மாவை நிறுத்திவிட்டு மக்காச்சோளத்தை முழுதாகவே போடுங்கள். மாட்டுக்கு இது சரிப்படாது, நிறையச் சாணியில் வந்துவிடும். ஆடு நன்றாக அரைக்கும். ஒரே நாளில் மாற்ற வேண்டாம், பத்து நாளாவது எடுத்துக்கொள்ளுங்கள். சோளத்தட்டையைக் குறைக்காதீர்கள். வேலியோரம் வெள்வேலங்காய் உதிர்கிற காலத்தில் கொஞ்ச நேரம் அவிழ்த்தும் விடுங்கள். கிளுவை வேலி போட்ட கொறங்காடு வைத்துக்கொண்டு கொட்டகையிலேயே ஏன் கட்டிப்போட வேண்டும் என்பது என் ஆதங்கம்.

கேள்வி: கோயிலில் கிடா வெட்டினோம். நல்ல கொழுத்த கிடாதான். கறி கறுத்து, பிசுபிசுவென்று இருந்தது. மீதி வைத்தது மறுநாளே கெட்டுவிட்டது. கிடாவுக்கு நோயா? (மணப்பாறை வாசகி)

வெட்டுமுன் நன்றாக நின்ற கிடா என்றால் நோயைவிட அலைச்சலைத்தான் சந்தேகிப்பேன். என் பேரன் காதுகுத்துக்கு நானே இந்தத் தப்பைச் செய்தேன். 31 வருஷம் ஊருக்கெல்லாம் புத்தி சொன்ன டாக்டர்! சந்தையில் பிடித்த கிடாவைக் குட்டியானை வண்டியில் ஏற்றி, மூன்று மணி நேரம் வெயிலில் கொண்டுவந்து, ராத்திரி மேளக்காரர்களுக்குப் பக்கத்தில் கட்டினோம். தண்ணீர் காட்ட யாருக்கும் நினைவில்லை. விடிய விடியக் கத்தியது. காலையில் தொடையை அறுத்தபோது நாவல்பழ நிறம். சம்பந்தி முகத்தை நான் பார்க்கவில்லை.

தசையில் கிளைகோஜன் என்று ஒரு சர்க்கரைச் சேமிப்பு உண்டு. உயிர் போன பின் அது லாக்டிக் அமிலமாகி, 7 வாக்கில் இருந்த பி.எச். (புளிப்பின் அளவு, எண் குறைந்தால் புளிப்பு கூடுதல்) ஒரு நாளில் 5.5 அளவுக்கு இறங்கும். கறி சிவந்து தெளிவது அதனால்தான், கிருமி சட்டென்று பெருகாததும் அதனால்தான். பயத்திலும் பட்டினியிலும் சேமிப்பு முன்பே தீர்ந்துவிட்டால் அமிலம் எங்கிருந்து வரும்? பி.எச். 6க்கு மேலேயே நின்றுவிடும். கறி கறுக்கும், ஒட்டும், சீக்கிரம் கெடும்.

நாம் ஒரு வேளை சோறு தின்றால் சர்க்கரை நேராக ரத்தத்தில் ஏறிவிடும். அசைபோடும் பிராணிக்கு அந்த வசதி இல்லை. மேலே சொன்னபடி ஈரல் ஒவ்வொன்றாகத் தயாரித்துத்தான் நிரப்ப வேண்டும், அதற்கு நாள் கணக்காகும். ஆகவே கிடாவை முந்தின நாள் வாங்காதீர்கள். மூன்று நான்கு நாள் முன்பே கொண்டுவந்து, நிழலில், கூடவே ஒரு ஆட்டைத் துணைக்குக் கட்டி, தழையும் தண்ணீரும் வையுங்கள். ஸ்பீக்கரைத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆடு, மாடு இரண்டும் பச்சைதானே தின்கின்றன, மாட்டுக் கொழுப்பு மட்டும் ஏன் மஞ்சள்? (தேனி வாசகர்)

புல்லில் உள்ள கரோட்டின் என்ற மஞ்சள் நிறப் பொருளைப் பசு அப்படியே கொஞ்சம் கொழுப்பில் சேர்த்துக்கொள்கிறது. ஆடும் எருமையும் அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடுகின்றன. பசு வெண்ணெய் மஞ்சளாகவும் எருமை வெண்ணெய் வெள்ளையாகவும் இருப்பது இதனால்தான். ஆட்டுக் கொழுப்பே மஞ்சளாக இருந்தால் அது மஞ்சள் காமாலையாக இருக்கலாம். கடையில் தலையும் தொங்கினால் கண்ணின் வெள்ளையைப் பாருங்கள். அதுவும் மஞ்சள் என்றால் அன்றைக்கு மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.