சுமாத்ரா நிலத்தட்டு மாடல் சில நேர அடிகளிலேயே (time step) ஏன் நின்றுவிடுகிறது?

கேள்வி: சிங்கப்பூரில் முதுகலை படிக்கிறேன். சுமாத்ராவுக்கு அடியில் நிலத்தட்டு அமிழ்வதை, பாறை ஓட்டத்தைக் கணிக்கும் ஆஸ்பெக்ட் (ASPECT) மென்பொருளில் ஓட்டுகிறேன். சமன்பாடுகளைத் தீர்க்கும் சால்வர் ஒருங்காமல், அதாவது ஒரே விடைக்கு வந்து சேராமல், நின்றுவிடுகிறது. எங்கே தப்பு?

பதில்: உங்கள் இன்புட் கோப்பைப் பார்க்காமல்தான் சொல்கிறேன். பெரும்பாலும் பாகுநிலையில்தான் (பாறை வழிந்தோட எவ்வளவு எதிர்ப்புக் காட்டுகிறது என்ற அளவு) கோளாறு இருக்கும். உலர்ந்த ஒலிவைன் (மேன்டிலின் முக்கியக் கனிமம்) பாறைக்கு ஊர்வு விதியில், அதாவது சூட்டில் பாறை மெல்ல உருமாறும் வேகத்தைச் சொல்லும் சூத்திரத்தில், செயலூக்க ஆற்றல் மோலுக்கு 530 கிலோஜூல், தகைவின் (பரப்பின் மீதான விசை) அடுக்கு 3.5. இதை வைத்துக் கணக்குப் போடுங்கள். 1600 கெல்வினில் உள்ள பாறையைவிட 300 கெல்வினில் உள்ள மேற்பரப்புப் பாறை, அதே திரிபு வீதத்தில் (உருமாறும் வேகத்தில்), ஏறக்குறைய 10²¹ மடங்கு கெட்டி. இந்த ஏற்றத்தாழ்வை எந்த சால்வரும் தாங்காது. அதனால் கீழே 10¹⁸, மேலே 10²⁴ பாஸ்கல் விநாடி என்று வரம்பு கட்டுங்கள். 'அப்படி வெட்டினால் இயற்பியல் என்னாவது' என்று கமெண்டில் கேட்க வருவோருக்கு: 10²⁴ உள்ள பாறையை 100 மெகாபாஸ்கல் தகைவில் பத்து லட்சம் ஆண்டு அழுத்தினாலும் அது 0.2 விழுக்காடுகூட உருமாறாது. அதற்கு மேல் எவ்வளவு கெட்டி என்பது இந்த மாடலுக்குத் தேவையே இல்லை.

ஆனால் வரம்பு கட்டுவதில் ஓர் ஆபத்து உண்டு. ஆய்வகக் கட்டுரைகளில் முன்காரணி (ஊர்வு விதியின் முன்னால் வரும் பெருக்கெண்) மெகாபாஸ்கலில் இருக்கும். பாஸ்கலுக்கு மாற்ற 10⁻²¹ஆல் பெருக்க வேண்டும் (6 × 3.5), அதாவது 1.1 × 10⁵ என்பது 1.1 × 10⁻¹⁶ ஆகும். இதை மறந்தால் பாகுநிலை பத்து லட்சம் மடங்கு குறைந்து, மேன்டில் (புவி ஓட்டுக்குக் கீழுள்ள பாறை அடுக்கு) முழுக்கக் கீழ்வரம்பில் போய் ஒட்டிக்கொள்ளும். எர்ரர் எதுவும் வராது. மாடல் ஜோராக ஓடும், தட்டு மட்டும் நெய்யாக வழியும். பாகுநிலைப் படத்தை முதல் அடியிலேயே திறந்து பாருங்கள்.

அடுத்தது மெஷ், அதாவது மாடலைச் சிறு செல்களாகப் பிரிக்கும் வலை. இரு தட்டுகளுக்கும் நடுவே வழுக்கிக் கொடுக்கும் மெல்லிய அடுக்கு 10 கிலோமீட்டர் தடிமன் என்றால், அதற்குள் நான்கு செல்லாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் தட்டுகள் ஒட்டிக்கொள்ளும், அமிழ்வு நின்றுவிடும்.

மேற்பரப்பை ஃப்ரீ சர்ஃபேஸாக, அதாவது ஏறி இறங்கும்படி, விட்டிருக்கிறீர்களா? பாகுநிலை 10²¹, அலைநீளம் 1000 கிலோமீட்டர் என்றால் மேடுபள்ளம் சமநிலைக்கு வர ஏறக்குறைய 12,000 ஆண்டு. நேர அடி அதைவிடப் பெரிதானால் தரை ஒவ்வோர் அடிக்கும் மேலும் கீழுமாகக் குடிகாரன் போலத் தள்ளாடும். சில ஆயிரம் ஆண்டுக்குக் குறையுங்கள்.

உண்மையில் சுமாத்ராவிலிருந்து தொடங்கியதே அவசரம். 1989இல் பிளாங்கன்பாக் குழுவினர் வெளியிட்ட, விடை தெரிந்த சதுரப் பெட்டி வெப்பச் சலனச் சோதனையை முதலில் ஓட்டுங்கள். ராலே எண் (சலனத்தின் வீரியம்) 10⁴க்கு நுசெல்ட் எண் (வெப்பம் கடத்தப்படும் அளவு) 4.8844, அலகில்லாத ஆர்எம்எஸ் (வர்க்கச் சராசரியின் மூலம்) வேகம் 42.865 வர வேண்டும். அது வராமல் வண்ணப் படம் எவ்வளவு அழகாக வந்தும் பயனில்லை.

கேள்விக்குத் தொடர்பில்லாத ஒன்று, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தமிழ்க் காணொளிகளில் இன்னும் 'தட்டுகள் எரிமலைக் குழம்பில் மிதக்கின்றன' என்கிறார்கள். மேன்டில் திடப்பாறை. நிலநடுக்கத்தின் குறுக்கலைகள் அதன் ஊடே போகின்றன, திரவமாக இருந்தால் போகாது. சிங்கப்பூரில் நிலநடுக்கமே இல்லையே, இதைப் படித்து என்ன பயன் என்பார்கள். சுமாத்ரா குலுங்கினால் பல நூறு கிலோமீட்டர் தள்ளி வீவக (அரசு அடுக்குமாடிக் குடியிருப்பு) மாடிகளில் விளக்கு ஆடுவது எதனால் என்று அவர்களைக் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. 2004 நிலநடுக்கத்துக்குப் பிறகு இப்பகுதி மெல்ல நகர்ந்ததுதான் உங்கள் ஆய்வு என்றால், மீள்தன்மையைச் சேர்க்காத ஓட்ட மாடல் உதவாது. பாகுநிலை 10¹⁹ என்றால் மேக்ஸ்வெல் காலம் (பாறை மீள்தன்மையிலிருந்து ஓட்டத்துக்கு மாறும் கால அளவு) சுமார் 5 ஆண்டு. மீள்தன்மைதான் அங்கே முக்கியம். அதற்கான பைலித் (PyLith) மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள்.