டீச்சரிடம் கேளுங்கள்: வாசிக்க வராத ஏழாம் வகுப்பு

கேள்வி: தனியார் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். இதுதான் முதல் வருடம். நாற்பது பேரில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டிக்கூட வாசிக்க வரவில்லை. "அது கீழ் வகுப்பு டீச்சரின் வேலை. நீங்கள் போர்ஷனை முடியுங்கள்" என்கிறார் தலைமை ஆசிரியை. என் பொறுப்பு எதுவரை?
– பெயர் வேண்டாம், பெரம்பூர்

பதில்: முதல் வருடத்திலேயே அந்தப் பிள்ளைகளைக் கண்டுபிடித்துவிட்டீர்களே, எனக்கு அதுவே சந்தோஷம். வாசிக்க வராத பிள்ளை எளிதில் கண்ணில் படாது. கரும்பலகையைப் பார்த்து முத்து முத்தாக எழுதும். வகுப்பே சேர்ந்து செய்யுள் சொல்லும்போது உதட்டை அசைக்கும். நோட்டுத் திருத்துகிறவர் 'நன்று' போட்டுவிடுவார். இப்படியே ஆறு வகுப்பு தாண்டி வந்துவிடும்.

கீழ் வகுப்பில் யார் விட்டது என்று தேடிப் பயனில்லை. இன்று உங்கள் வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கிறதென்றால் அது உங்கள் பிள்ளை.

ராயபுரத்தில் வேலை பார்த்தபோது, இரண்டாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து நாலு வரியை ஒவ்வொருவராக, மற்றவர் காதில் விழாமல் வாசிக்கச் சொல்வேன். எங்கே தடுக்கிறது என்று குறித்துக்கொள்வேன். ஒருவன் 'மரம்', 'படம்' எல்லாம் படிப்பான், கொம்பு வந்தால் நின்றுவிடுவான். ஒருத்திக்கு வீட்டில் உருது. எழுத்து தெரியும், சொல்லுக்குப் பொருள் தெரியாது. இன்னொருவன் விடியற்காலையில் அம்மாவோடு காசிமேட்டு மீன் ஏலத்துக்குப் போய்வந்து முதல் பீரியடில் தூங்குவான். மூவரையும் 'வாசிப்பில் பின்தங்கியவர்' என்றுதான் எழுதுவார்கள். முதலாமவனுக்குக் கொம்பு எழுத்துகளை மட்டும் தினம் பத்து நிமிடம் சொல்லிக்கொடுத்தேன். அவளை வாயாடிப் பெண் ஒருத்தி பக்கத்தில் உட்காரவைத்தேன். தூங்குகிறவனுக்கு வாசிப்பைச் சாப்பாட்டுக்குப் பிறகு மாற்றினேன்.

ஒன்று முக்கியம். ஏழாவது படிக்கிறவனுக்கு இரண்டாவது புத்தகத்தைக் கையில் வைத்திருக்கக் கூச்சமாக இருக்கும். பிரவுன் அட்டை போட்டுக் கொடுங்கள். எல்லோர் முன்னாலும் எழுப்பி வாசிக்கச் சொல்லாதீர்கள்.

தலைமை ஆசிரியை சொல்வதிலும் பாதி நியாயம் உண்டு. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, பாடத்திட்டத்தை உரிய காலத்தில் முடிப்பது ஆசிரியர் கடமை என்கிறது. அதே பிரிவுதான் ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் அறிந்து, தேவைப்பட்டால் கூடுதலாகச் சொல்லிக்கொடுக்கவும் சொல்கிறது. அதைப் பணிவாக அவரிடம் காட்டி, வாரத்துக்கு இரண்டு பீரியட் கேளுங்கள். பெயர்ப் பட்டியலோடு போனால் மறுப்பது கஷ்டம்.

கேள்வி: வகுப்பாசிரியரே என் மகனை டியூஷனுக்குக் கூப்பிடுகிறார். போகிற பிள்ளைகளுக்குத் தேர்வில் வரும் கேள்வியைக் கோடு போட்டுத் தருகிறாராம். அனுப்பட்டுமா?
– ஒரு தாய், கொளத்தூர்

பதில்: அனுப்பாதீர்கள். ஆசிரியர்கள் தனியாக டியூஷன் எடுக்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 28ஆம் பிரிவு தடுக்கிறது. வகுப்பில் எல்லோருக்கும் சொல்ல வேண்டியதைச் சாயங்காலம் காசு கொடுக்கிறவர்களுக்கென்று எடுத்துவைப்பதை என்னால் ஏற்கவே முடியாது. முதலில் பள்ளி நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுங்கள். அசையவில்லை என்றால் மாவட்டக் கல்வி அலுவலரிடம் போங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால், அதே வகுப்பில் உள்ள இரண்டு மூன்று பெற்றோரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.