மூக்கில் டியூப் போடச் சம்மதிக்கவா, அக்கா?

கேள்வி: அக்கா, எங்களுக்குத் திருமங்கலம் பக்கம். அம்மாவுக்கு 79 வயது, ஏழு வருடமாக மறதி நோய், ஒன்றரை வருடமாகப் படுக்கைதான். என்னையே யாரென்று தெரியாது. சளி நெஞ்சில் இறங்கி மதுரையில் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து இப்போதுதான் கூட்டி வந்தோம். ஊட்டினால் கன்னத்திலேயே அடக்கிக்கொள்கிறார், இல்லையென்றால் புரையேறுகிறது. மூக்கு வழியாக டியூப் போடலாம், அப்புறம் வயிற்றில் துளை போட்டு நிரந்தரமாக வைக்கலாம், அடுத்த செக்கப்பில் முடிவு சொல்லுங்கள் என்றார்கள். கோயம்புத்தூரில் இருக்கும் அண்ணன், "பெத்த தாயைப் பட்டினி போட்டுட்டாங்கன்னு ஊர் பேசும், போடச் சொல்லிரு" என்கிறார். என்ன செய்ய?

பதில்: தங்கச்சி, நான் எங்கள் வீட்டில் இரண்டு டியூப் பார்த்தவள். அதைச் சொல்லிவிட்டு உங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

முதலாவது அப்பாவுக்கு. பக்கவாதம் வந்து, ஒரு வாய் தண்ணீர் கூட முழுங்க முடியாமல் போனபோது மூக்கு வழியாக வயிற்றுக்கு இறக்கும் ரைல்ஸ் டியூப் போட்டார்கள். தலைமாட்டை உயர்த்தி, பெரிய சிரிஞ்சில் கஞ்சித் தண்ணீரை ஊற்றி, அது சரசரவென்று இறங்காமல் கையை ஏற்றி இறக்கிப் பிடித்துக்கொண்டு, கடைசியில் கொஞ்சம் வெறும் தண்ணீர் விட்டு டியூபைக் கழுவி, அரை மணி நேரம் படுக்க விடாமல் உட்காரவைத்து, இப்படி ஐந்து வாரம். ஒருநாள் ஸ்பூனில் தயிர் கொடுத்துப் பார்த்தார்கள், இறங்கியது. மறுநாள் காலையில் "காப்பி எங்க?" என்றார். அந்த டியூப் இல்லையென்றால் அப்பா இல்லை.

இரண்டாவது அத்தைக்கு. உங்கள் அம்மாவுக்கு உள்ள அதே நோய். அதே டியூப்தான், ஆனால் இது என்னவென்றே தெரியாததால் மூன்று தடவை பிடுங்கினார். அதனால் கையைத் துணியால் கட்டிலோடு கட்டினார்கள், மூக்கு ஓரம் பிளாஸ்திரி ஒட்டிய இடம் புண்ணாகிப்போனது. இத்தனைக்கும் பிறகு திரும்ப நெஞ்சுச் சளி இரண்டு தடவை வந்தது. ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை. எச்சில் எப்படியும் மூச்சுக்குழாய்க்குள் போகத்தான் செய்யும், வயிற்றுக்குள் ஊற்றியதும் சில சமயம் மேலே ஏறி வரும், டியூப் இது இரண்டையும் நிறுத்தாது. வயிற்றில் துளை போட்டு வைக்கும் பெக் டியூபும் அப்படித்தான்.

அதனால் போடுவதா வேண்டாமா என்பதை விட, எதற்காக, எத்தனை நாளைக்கு, என்ன மாற்றம் வந்தால் எடுப்பீர்கள் என்று டாக்டரிடம் கேளுங்கள். பக்கவாதத்திலும், தொண்டைப் புற்றுநோய்க்குக் கரண்ட் வைக்கும்போதும் இதற்குப் பெரும்பாலும் நல்ல பதில் இருக்கும். முற்றிய மறதி நோயில் இருக்காது. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014-லேயே, இந்த நிலையில் உள்ளவர்களுக்கு டியூப் வேண்டாம், பொறுமையாகக் கையால் ஊட்டுங்கள் என்று சொல்லிவிட்டது.

ஆனால் ஒன்று, முடிவெடுக்கும் முன் சின்ன விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். டார்ச் அடித்து வாய்க்குள் வெள்ளைப் படலம் இருக்கிறதா, பல் ஆடுகிறதா, மலச்சிக்கலா, தூக்க மாத்திரை எதுவும் ஓடுகிறதா? காய்ச்சல் விட்ட அசதியிலும் சிலர் சில நாள் சாப்பிட மாட்டார்கள். இதில் ஏதாவது ஒன்றைச் சரி செய்தாலே பாதி பிரச்சினை தீர்ந்த வீடுகள் உண்டு.

அதெல்லாம் பார்த்தும் இப்படியே இருந்தால், என் கருத்து: டியூப் வேண்டாம். நன்றாக நிமிர்த்தி உட்காரவைத்து, முழிப்பாக இருக்கும் நேரம் பார்த்து, அரை ஸ்பூன், அரை ஸ்பூனாகக் கொடுங்கள். வெறும் தண்ணீர்தான் சீக்கிரம் புரையேற்றும், கெட்டியான கேப்பைக் கூழோ பாலில் குழைத்த இட்லியோ அவ்வளவு படுத்தாது. முழுங்கியது தெரிந்த பிறகே அடுத்த வாய், முகத்தைத் திருப்பினால் அன்றைக்கு அவ்வளவுதான். இதிலும் புரையேறலாம், எடை குறையலாம், அதை மறைக்கவில்லை. ஒருவேளை டாக்டர் கொஞ்ச நாள் போட்டுப் பார்க்கலாம் என்று அழுத்திச் சொன்னால், எடுக்கும் தேதியையும் அன்றைக்கே பேசி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பட்டினி என்ற வார்த்தைதான் உங்களைப் பிடித்து ஆட்டுகிறது, தெரிகிறது. பசித்த வயிற்றுக்குக் கொடுக்காமல் இருந்தால்தான் அது பட்டினி. கடைசிக் காலத்தில் உடம்பு தானாகவே சோற்றைக் கேட்காமல் விட்டுவிடும், அப்போது பெரும்பாலும் படுத்துவது வாய் வறட்சிதான், அதற்கு ஈரத்துணியும் உதட்டில் கொஞ்சம் வெண்ணெயும் போதும். ஊர் எதற்குத்தான் பேசாது?

வலி, மூச்சு, படுக்கைப்புண் எல்லாம் பார்க்க வீட்டுக்கே ஆள் வருவார்கள், 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் அதுவும் உண்டு. உங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மா பெயரைப் பதிந்துவிடுங்கள். அப்படியே உங்களுக்கென்று, நினைவு நன்றாக இருக்கும்போதே ஒரு உயிர்ச்சாசனம் (கடைசிக் காலத்தில் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லும் பத்திரம்) எழுதி வையுங்கள். உச்ச நீதிமன்றம் 2018-ல் அனுமதித்து, 2023-ல் நடைமுறையை எளிதாக்கிவிட்டது, இரண்டு சாட்சியும் நோட்டரியும் போதும். உங்கள் பிள்ளைகள் இப்படி எனக்குக் கடிதம் எழுத வேண்டியிருக்காது.

அண்ணனிடம் போனில் பேசி ஜெயிக்கப் பார்க்காதீர்கள். ஒரு சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறச் சொல்லுங்கள். ஞாயிறு காலையில் ஸ்பூனை அவர் கையில் கொடுத்துவிட்டு, நீங்கள் போய்க் குளியுங்கள். அரை இட்லி இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கட்டும், அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்தே செக்கப்புக்குப் போங்கள்.